கடுகளவு வெளிச்சம்

ஆர்லிஸ் குவாமிக்கு விமானத்தில் ஏறுவதென்றால் பயம். அறுபத்து நாலு வயதுவரை ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறாள். அதுவும் அக்கா செத்த சேதி கேட்டு அரிசோனாவுக்குப் போனபோது, போகவும் வரவும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. ஆனால் எங்கள் வின்ஸ்லோ பிரெய்ரி ஊரின் விமானத் திடலைச் சுற்றி, சொந்தக் கொட்டகையில் சொந்தக் கையால் விமானம் கட்டிப் பறக்கிற கிறுக்கர்கள் இருக்கிறார்களே, அவர்களில் பதினோரு பேருடைய விமானத்துக்குள் ஓடுகிற ஒயரெல்லாம் அவள் இழுத்ததுதான். தேடிப் பார்த்தால் ஒரு காகிதத்திலும் அவள் பெயர் இருக்காது.

அது இங்கே உள்ள வழக்கம். விமானத்தில் பாதிக்கு மேல் நானே செய்தேன் என்று காட்டினால்தான் அரசாங்கம் பறக்க விடும். பக்கத்து ஆள் வந்து ஒரு கை கொடுத்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது. சொல்லாவிட்டால் என்ன, கட்டுகிறவனுக்கு வீம்பு இருக்கிறதே! எட்டு வருஷம், ஒன்பது வருஷம் கொட்டகையில் கிடந்தவன், வேலைப் புத்தகத்தில் ‘இன்று ஒயரிங் முடித்தேன்’ என்று எழுதுவானே தவிர, ‘ஆர்லிஸ் செய்தாள், நான் டார்ச் பிடித்தேன்’ என்று எழுதமாட்டான். போட்டோ எடுக்கும்போது ஆர்லிஸ் தானாகவே நாலடி தள்ளி நின்றுகொள்வாள்.

முப்பத்தொரு வருஷம் தீயணைப்பு வண்டி செய்கிற தொழிற்சாலையில் ஒயரிங் பிரிவில் இருந்தவள். ஓய்வு பெற்ற மறுமாதம், பறக்கிறவர்கள் கூடிச் சாப்பிடுகிற சனிக்கிழமை அப்பக் காலைச் சாப்பாட்டுக்கு என்று திடலுக்கு வந்தாள். கையில் தட்டோடு ஒரு விமானத்தின் கருவிகள் பதித்த முகப்புப் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “இதென்ன, காக்காய் வந்து கூடு கட்டிட்டுப் போயிருக்கு?” என்று கேட்டாள். விமானத்துக்காரனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் மறுவாரம் அவனே அவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

அவளுக்குச் சில கறார் உண்டு. ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் எண் இருக்க வேண்டும். கையால் இழுத்துப் பார்க்காத இணைப்பு இணைப்பே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கறார் சிவப்பு விளக்கு பற்றியது. “ஆளைக் கொல்றதுக்கு மட்டும்தான் சிவப்பு. மத்தது எதுவா இருந்தாலும் மஞ்சள் போட்டுக்கோ. சிவப்பு மூணுக்கு மேல போச்சுன்னா மனுஷன் பாக்கிறதையே விட்டுடுவான்” என்பாள். புது மாதிரி எல்.இ.டி. வேண்டாம், தீயணைப்பு வண்டியில் போடுகிற பழைய இழை பல்புதான். வீட்டில் ஒரு இழுப்பறை நிறைய வைத்திருந்தாள். எந்த விமானத்தில் என்ன செய்தாலும் தன்னுடைய பச்சை அட்டை நோட்டில் படம் போட்டுத் தேதியோடு எழுதிவைப்பாள். வேறு யார் புத்தகத்திலும் இல்லாத அவள் பெயர் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் இருந்தது.

பதினோராவது விமானம் மெர்வின் ஸ்டாலுடையது. மெர்வின் பால்பண்ணைகளைச் சோதனை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். நல்ல மனுஷன், ஆனால் தற்பெருமைக்குக் குறைச்சல் இல்லை. ஆர்லிஸ் செவ்வாயும் வியாழனும் அவன் கொட்டகையில், மிதிக்கட்டைகளுக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து கிடப்பாள். சனிக்கிழமை அப்பம் தின்னும்போது அதே மெர்வின், “என் விமானத்தில ஒரு ஒயரைக்கூட அடுத்தவன் தொட்டதில்ல” என்று நாலு பேர் கேட்கச் சொல்வான். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆர்லிஸ் அப்பத்தின்மேல் பாகை ஊற்றிக்கொண்டே, “கெட்டிக்காரன்தான்யா நீ” என்பாள். அவள் சொன்ன தொனி அவனுக்கு மட்டும் புரியும். காது மடல் சிவந்துபோகும்.

அந்த விமானத்தின் எஞ்சின் புது மாதிரி. தீப்பொறி போடவும் கரண்ட், பெட்ரோல் தள்ளவும் கரண்ட். கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர் செத்தால் பேட்டரி தாங்குகிற வரைதான் எஞ்சின் ஓடும், ஒரு மணி நேரம் போனால் பெரிது. அதனால் ஆர்லிஸ் முகப்புப் பலகையின் நடு உச்சியில், கண்ணுக்கு நேராக, ஒரு சிவப்பு விளக்கு வைத்தாள். ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்காவிட்டால் அது விட்டுவிட்டு எரியும். எரிந்தால் உடனே இறங்கு, அவ்வளவுதான் அர்த்தம்.

ஒரு குறை மட்டும் இருந்தது. தரையில் மெதுவாக உருட்டிப் போகும்போது எஞ்சின் வேகம் போதாமல் ஆல்டர்னேட்டர் திணறும். அப்போதும் விளக்கு கண்ணடிக்கும். மேலே கிளம்பியதும் அணைந்துவிடும். புது விமானத்தைத் தனியாக நாற்பது மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகுதான் இன்னொருவரை ஏற்றலாம் என்பது சட்டம். அந்த நாற்பது மணி நேரமும் மெர்வின் அதைச் சட்டை செய்யவில்லை.

அக்டோபர் முதல் வாரம் அது முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் பெர்னடீனுக்கும் நாற்பதாவது கல்யாண நாள். தெற்கே கிரான்பெர்ரி வயல்களில் அறுவடைக்காகத் தண்ணீர் கட்டிப் பழத்தை மிதக்கவிடுகிற சமயம். மேலேயிருந்து பார்த்தால் வயல் வயலாக ரத்தச் சிவப்பாய் இருக்கும். அதைப் பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டும் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை ஒத்திகை பார்க்க பெர்னடீனை ஏற்றிக்கொண்டு திடலில் உருட்டினான். பெர்னடீன் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். விளக்கு கண்ணடித்ததைப் பார்த்தாள். பெல்ட்டைக் கழற்றினாள்.

“நிறுத்து.”

“அது ஒண்ணுமில்ல பெர்னி, தரையில அப்படித்தான்...”

“சிவப்பு எரிஞ்சா நான் வண்டியை நகர்த்த மாட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்ததில்ல. நிறுத்துன்னா நிறுத்து.”

இறங்கி, திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போய்விட்டாள். இப்போது யோசித்தால், அந்தத் திடலிலேயே சிவப்பு விளக்குக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் அவள்தான்.

மெர்வின் நேரே ஆர்லிஸிடம் வந்தான்.

“அந்தச் சிவப்புக் கண்ணைக் கொஞ்சம் மூடிவிடேன், ஆர்லிஸ்.”

“மூடவா? அதுக்கா முட்டிவலியோட உன் மிதிக்கட்டைக்கு அடியில கிடந்தேன்?”

“மேல போனா அது எரியறதே இல்லம்மா. நாப்பது மணி நேரத்தில ஒரு தடவை எரிஞ்சதில்ல.”

“எரியற அன்னிக்கு நீ பாக்கணுமேய்யா, அதுக்குத்தானே வச்சிருக்கு. ஆல்டர்னேட்டருக்குச் சின்னச் சக்கரமா ஒண்ணு வாங்கிப் போடு. வேகமாச் சுத்தும், தரையிலயும் எரியாது.”

“வர்றதுக்குப் பத்து நாள் ஆகும். பழமெல்லாம் வழிச்சு லாரியில ஏத்திடுவாங்க. கல்யாண நாள் தள்ளிப்போகுமா?”

“அடுத்த வருஷமும் பழம் காய்க்கும், போ.”

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடுகிற கடையில் மறுபடி வந்து நின்றான். சனிக்கிழமை காலை அவளைத் தன் கொட்டகைக்குக் கூட்டிவந்து, தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அறுபத்தெட்டு வயது ஆள் அப்படி நிற்பதைப் பார்க்க ஆர்லிஸுக்குச் சகிக்கவில்லை. அங்கேதான் அவள் புத்தி சறுக்கியது.

விளக்கை எடுத்துவிட மாட்டேன், டேப்பும் ஒட்டமாட்டேன் என்றாள். சிவப்புக் கண்ணாடி மூடியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் உட்பக்கம் முழுக்கக் கறுப்புச் சாயம் பூசினாள். நடுவில் ஒரு கடுகளவு மட்டும் விட்டாள். வடக்குக் காற்று ஊசியாய்க் குத்தியதால் கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் விளக்கை எரியவிட்டுப் பார்த்தார்கள். கடுகளவு சிவப்பு, பளிச்சென்று, விட்டுவிட்டு மின்னியது.

“தெரியுதா?”

“ஜம்முனு தெரியுது. இடம் தெரிஞ்ச எனக்குத் தெரியும், பெர்னிக்குத் தெரியாது. நீ மகராசி.”

“ஒரு வாரத்துக்குத்தான். சக்கரம் வந்ததும் வேற மூடி போடணும், சரியா?”

“சத்தியமா.”

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். முப்பத்தொரு வருஷம் விளக்கு மாட்டிய கைக்கு அந்த வாசல் கதவைத் திறந்து விமானத்தை வெயிலுக்கு உருட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. குளிர் என்பது ஒரு காரணமா! நோட்டில் மட்டும் எழுதினாள்: ‘அக். 5. ஸ்டால். எச்சரிக்கை விளக்கு மூடி, உட்பக்கம் கறுப்பு. தற்காலிகம்.’

ஞாயிற்றுக்கிழமை மேகம் துளிகூட இல்லை. பதினொன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். ஆர்லிஸ் வேலியோரம் நின்று கையசைத்தாள். பெர்னடீன் திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி உதட்டுச்சாயம் பூசியிருந்தாள்.

கிளம்பிய சில நிமிஷத்தில் ஆல்டர்னேட்டரின் பெல்ட் அறுந்துவிட்டது. இது பின்னால் தெரிந்தது. சரியாக ஐம்பது நிமிஷம் கழித்து, சிவப்பு வயல்களுக்கு நேர் மேலே, எஞ்சின் நின்றது. மெர்வின் வயல்களுக்கு நடுவே லாரி போகிற கரையில் இறக்கப் பார்த்தான். சக்கரம் கரையின் விளிம்பில் இடறி, விமானம் தலைகீழாகத் தண்ணீருக்குள் விழுந்தது. மார்பளவு ரப்பர் கால்சட்டை போட்டுப் பழம் ஒதுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். பெர்னடீனுக்கு இடுப்பும் தோள் எலும்பும் முறிந்திருந்தன. மெர்வினை வெளியே எடுத்தபோது தலை, தோள், சட்டைப் பை எல்லாம் பழமாக ஒட்டிக்கொண்டிருந்தது. உயிர் இல்லை.

சேதி கேட்ட ஆர்லிஸ் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எண் போடாமல் விட்ட ஒயர் எது, இழுத்துப் பார்க்காமல் விட்ட இணைப்பு எது என்று மனசுக்குள் ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டிருந்தாள். விளக்கு நினைவுக்கே வரவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஹாம் ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

“பால் கேனுக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டிருந்தவனுக்குக் கரண்ட் வேலை எதுக்கு?”

“யாரையும் தொடவிட மாட்டேன்னு பீத்திக்கிட்டான் பாரு. அனுபவிச்சான்.”

“அவன் போனது போகட்டும்ப்பா. அந்தப் பொம்பளையை ஏத்திக்கிட்டுப் போனானே, அதுதான் ஆறமாட்டேங்குது.”

ஆர்லிஸ் காபியைக் கீழே வைத்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். நான்தான் ஒயர் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். அந்த வெட்கம் கடைசிவரை அவளைவிட்டுப் போகவில்லை.

பத்து நாள் கழித்து விபத்து விசாரணைக்காரி வந்தாள். ப்ரூயிட் என்று பெயர், சின்னப் பெண் மாதிரி இருப்பாள், குரல் மட்டும் கனம். திடலில் கட்டுகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்து, மேசைமேல் மெர்வின் விமானத்துச் சிவப்பு விளக்கின் பல்பை வைத்தாள். கூடவே ஒரு பெரிய பூதக்கண்ணாடி. ஆர்லிஸும் பின்னால் நின்றாள்.

“இந்த இழையைப் பாருங்க. சுருள் இழுபட்டு நீண்டிருக்கு. சூடா இருந்தப்ப அடி விழுந்தாத்தான் இப்படி நீளும். குளிர்ந்திருந்தா முறிஞ்சிருக்கும், இல்ல அப்படியே இருக்கும். அதனால விழுறப்ப இந்த விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு.”

“அப்ப மெர்வின் பாத்திருப்பானே?” என்றான் சங்கத் தலைவன் ஹார்லன்.

“ஐம்பது நிமிஷம் எரிஞ்சிருக்கணும். அவங்க மனைவி எந்த விளக்கும் எரியலைனு அடிச்சுச் சொல்றாங்க. அதிர்ச்சியில மறந்திருக்கலாம். இதோட கண்ணாடி மூடி கிடைக்கல. சேத்துக்குள்ள போயிருக்கும்.”

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். “பாத்துக்கிட்டே போயிருக்கான் பாவி. பெண்டாட்டிக்குப் பழம் காட்டணும்னு.”

மூடி என்ற சொல் காதில் விழுந்ததும்தான் ஆர்லிஸுக்கு உள்ளே என்னமோ கழன்று விழுந்தது.

மறுநாள் மத்தியானம் அதே மாதிரி இன்னொரு மூடியை எடுத்து, அதே சாயத்தைப் பூசி, அதே கடுகளவு விட்டு, ஒரு பேட்டரியோடு சேர்த்துத் திடலின் நடுவே கொண்டுபோனாள். வெயில் நேராக விழுந்தது. விளக்கை எரியவிட்டாள். அந்த விமானத்தின் மேற்கூடு முழுக்கக் கண்ணாடி, உள்ளே இருக்கிறவர்கள்மேல் இப்படித்தான் வெயில் கொட்டும்.

ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தாள், தெரியவில்லை. உள்ளங்கையால் நிழல் கட்டினாள். கடுகளவு சிவப்பு பளிச்சென்று மின்னியது. கையை எடுத்தாள். மறுபடி இல்லை. எத்தனை தடவை கையை வைத்து எடுத்தாளோ, அவளுக்கே தெரியாது. கடைசியில் அங்கேயே புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மெர்வின் கண்ணுக்கு நேரே ஐம்பது நிமிஷம் அது எரிந்திருக்கிறது. அவன் பார்த்திருக்க வழியே இல்லை.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? பச்சை நோட்டின் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டால் தீர்ந்தது. மூடி சேற்றில். மெர்வின் மண்ணில். வேலைப் புத்தகத்தில் எல்லாம் அவன் கையெழுத்து. உலகத்தில் யாரும் அவளை ஒரு கேள்வி கேட்க முடியாது. ஆனால் பெண்டாட்டியை வேண்டுமென்றே சாவுக்குக் கூட்டிப்போனவன் என்ற பெயரோடு அவன் கிடப்பான்.

சொல்லிவிடலாம் என்று எழுவாள். உடனே இன்னொன்று வந்து வழி மறிக்கும். ஏன் பூசினாய் என்று கேட்பார்களே! பெர்னடீன் பயந்தாள், அதனால் பூசினேன் என்று சொல்ல வேண்டும். இடுப்பொடிந்து படுத்திருக்கிறவளிடம், உன் புருஷன் செத்தது உன் பயத்தால்தான் என்று சொல்வதற்கு அது சமம். சொன்னால் உயிரோடு இருக்கிறவள் சாவாள், சொல்லாவிட்டால் செத்தவன் இன்னொரு தடவை சாவான். ஐந்து நாள் இப்படியே போயிற்று. தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில்கூட இத்தனை காபி குடித்ததில்லை.

ஆறாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு ப்ரூயிட் தங்கியிருந்த மோட்டலுக்குப் போனாள்.

“ஒயரிங் அத்தனையும் நான் போட்டது. மெர்வின் டார்ச் பிடிச்சான், அவ்வளவுதான். மூடிக்குள்ள கறுப்பு பூசினதும் நான்தான்.”

ப்ரூயிட் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அக்டோபர் ஐந்தாம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“அவர் பூசச் சொன்னாரா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“உருட்டறப்ப கண்ணை உறுத்திச்சு. எனக்கே பிடிக்கல. நானாத்தான் பூசினேன்.”

“அவருக்கு இது தெரியுமா?”

“அவனுக்கு எதுவும் தெரியாது. எரிஞ்சா கண்ணுக்குத் தெரியும்னு நம்பியிருப்பான், பாவம்.”

ஆயுசில் எதற்கும் பொய் சொல்லாதவள், அன்றைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். ப்ரூயிட் நம்பினாளா இல்லையா என்று தெரியாது. பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஒரு வாரத்தில் திடல் முழுக்கத் தெரிந்துவிட்டது. மெர்வின் நல்லவனாகிவிட்டான். “பாவம், நம்பி மோசம்போனான்” என்றார்கள். ஆர்லிஸ் ஒயர் போட்ட விமானத்துக்காரர்கள் பத்துப் பேரும் ஆளை வரவழைத்துப் பலகையைப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. அதை வந்து அவளிடம் சொன்னவன் ஒருத்தன்கூட இல்லை. ஹார்லன் மட்டும் வழியில் பார்த்து, “கொஞ்ச நாளைக்கு வேலைக்கெல்லாம் வராம இரு ஆர்லிஸ், அதுதான் எல்லாருக்கும் நல்லது” என்றான். தலையாட்டினாள்.

நவம்பரில் பெர்னடீனைப் பார்க்க, அவள் நடை பழகிக்கொண்டிருந்த மறுவாழ்வு மனைக்குப் போனாள். பெர்னடீன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை.

“மெர்வின் உன்கிட்டக் கேட்டானா? அதை மூடச் சொல்லி?”

“இல்ல பெர்னடீன். நானாத்தான்.”

“நீயாவேவா?”

“நானாவேதான்.”

பெர்னடீன் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். “சரி, போ” என்றாள்.

ஆர்லிஸ் காரில் வந்து உட்கார்ந்து, இதற்குத்தானே போனோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறுதலாக இல்லை.

குளிர்காலம் முழுக்கப் பல்பு இழுப்பறையைத் திறக்கவில்லை. ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை, திடலில் அந்த வருஷத்தின் முதல் அப்பச் சாப்பாடு. போகாமல் இருந்தால் எப்போதுமே போகமுடியாது என்று தோன்றியதால் போனாள். தட்டை வாங்கிக்கொண்டு ஓரத்து மேசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. பெர்னடீனும் வந்திருந்தாள். கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, மெர்வின் இருந்தபோது செய்த மாதிரியே காபி ஜாடியோடு நின்று எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆர்லிஸ் பக்கம் மட்டும் வரவில்லை.

வெளியே ருடி ஸாஸ்ட்ரோவின் புது விமானத்தைச் சுற்றிக் கூட்டம். ருடி பல் டாக்டர், நாற்பத்தைந்து வயது. அன்றைக்கு முதல் தடவையாகத் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போகப்போகிறான். முன்னால் நின்றவர்கள் பார்த்து முடித்துக் கொஞ்சம் விலகியதும் ஆர்லிஸும் எட்டிப் பார்த்தாள். ஒயரெல்லாம் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தான். நடுப்பலகையில் ஒரு விளக்கின்மேல் மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

“ருடி, அது என்ன விளக்கு?”

“பெட்ரோல் அழுத்தம். சும்மா சும்மா கண்ணடிக்குது. சென்சார் கோளாறு. என் தங்கச்சி பயந்து சாகிறா. நாளைக்கு மாத்திடுவேன்.”

“டேப்பை எடுத்திடு. மாத்தின பிறகு பறந்துக்கோ.”

ருடி சிரித்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. கூச்சத்தில் சிரிக்கிற சிரிப்புதான் அது.

“தப்பா எடுத்துக்காதீங்க ஆர்லிஸ். விளக்கைப் பத்தி நீங்களா சொல்றது?”

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தன் இருமினான். ஆர்லிஸுக்கு முகம் சுட்டது. அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே! விளக்குக்குச் சாயம் பூசி ஆளைக் கொன்றவள் பேச்சை யார் கேட்பார்கள்? அவள் எப்படிப்பட்டவள் என்று அவளே போய் எழுதிக் கொடுத்தாயிற்று. இவனைத் தடுக்க ஒரே வழி, பயந்த மனுஷிக்காக விளக்கை மூடினால் என்ன நடக்கும் என்பதை நடந்தபடி சொல்வது. பத்தடி தள்ளி, திறந்திருந்த வாசலோரத்து மேசையருகே பெர்னடீன் நிற்கிறாள். ஆர்லிஸின் கைவிரல் தானாக டேப் பக்கம் நீண்டது. ருடி நடுவில் கையை வைத்தான்.

“விடுங்க, என் விமானம்.”

காபி ஜாடியை மேசையில் டொக்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. பெர்னடீன் கைத்தடி இல்லாமலே, ஒரு காலை இழுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். விமானத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு உள்ளே கையை விட்டு, நகத்தால் அந்த டேப்பின் ஓரத்தைக் கீறிக் கிளப்பி, உரித்து எடுத்தாள்.

“பெர்னடீன்...” என்றான் ருடி.

“அவ பூசல” என்றாள் பெர்னடீன். “அவளா பூசல. நான் சிவப்பைப் பாத்து இறங்கிப் போயிட்டேன். அதனால என் புருஷன் போய் அவ காலைப் பிடிச்சான். மேல கிளம்பினதும் அந்த மனுஷன் எங்கிட்டச் சொன்னான், ‘பாத்தியா பெர்னி, உனக்காக அந்தக் கண்ணைக் குருடாக்கிட்டேன்’னு.” நிறுத்தினாள். “நான் சிரிச்சேன். கேட்டுக்கங்க எல்லாரும். நான் சிரிச்சேன். எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே இவ சுமக்கட்டும்னு எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டிருந்தேன்.”

விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த ருடியின் தங்கச்சி மெதுவாகக் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றினாள்.

பெர்னடீன் டேப்பை ருடியின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினாள். “உன் தங்கச்சி பயப்படறான்னா, பயப்படட்டும்” என்றாள்.

திரும்பி நடக்கப்போனவளுக்குக் கால் மடங்கியது. ஆர்லிஸ் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். பெர்னடீன் அவள் தோளில் கனத்தைப் போட்டுக்கொண்டாளே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. கார்வரை அப்படியே நடந்தார்கள். கதவைச் சாத்தும்போது பெர்னடீன், “வெயில்ல ஒரு தடவை பாத்திருக்கலாமே, ஆர்லிஸ்” என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“பாத்திருக்கணும்” என்றாள் ஆர்லிஸ்.

கார் போன பிறகு உள்ளே வந்தாள். எல்லாரும் மேசைகளுக்குத் திரும்பியிருந்தார்கள். மேசைமேல் காபி ஜாடி இருந்தது, யாரும் தொடவில்லை. அதை எடுத்து, ஹார்லனில் ஆரம்பித்து ஒவ்வொருவர் கோப்பையிலும் ஊற்றிக்கொண்டே போனாள். கோப்பையை நீட்டியவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. ருடி அன்றைக்குப் பறக்கவில்லை.